ஒரு சாணுக்குக் குறையாத எழுத்து

எங்கள் ஊரில் பெயரை எப்படி எழுதுகிறோமோ அப்படியே ஆகிவிடுவார் பெயருக்குரியவர். பொருளானாலும் அப்படித்தான். அதனால் எழுத்து வரைகிற நான் கவனமாக இருப்பேன்.

ஒரு தடித்த சாய்வெழுத்தை லாரிக்காரர் பஞ்சாட்சரத்துக்காகச் செய்தேன். கோடுகளைக் கட்டைவிரல் தடிமனுக்கு ஏற்றி, எல்லாவற்றையும் வலப்பக்கம் சாய்த்தேன். நெற்றியில் பெயர் எழுதியதும் லாரி சற்றே முன்னால் குனிந்து, மலைப்பாதையில் தயங்காமல் ஏறியது. தேருக்கும் கபடிக் குழுவுக்கும்கூட அது பொருந்தியது. குளத்துக்கு எழுதியபோது தண்ணீர் ஒரே கரையில் வழிந்தது; அழித்துவிட்டோம். ஒரு சாணுக்குக் குறைவாக மட்டும் அதை எழுதக் கூடாது. சிறிதானால் மை பரவிச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பெயர் மூச்சு விடுவது சுழிகளில்தான்.

என் தங்கை உண்ணாமுலையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலப் பைகளை அச்சடித்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் வழக்கமான எழுத்தில் இருந்தது. பெண்ணின் பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று என் சாய்வெழுத்தில், கடுகளவு.

மணமகள் அறையில் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்திருந்தது.

"அண்ணே, மூச்சு உள்ள போகமாட்டேங்குது."

பையைப் பார்த்தேன். 'ண்ணா'வில் ஒரு சுழிகூடத் திறந்திருக்கவில்லை. ஊசியால் குத்தித் திறக்கப் பார்த்தேன். பை கிழிந்தது, அவள் முனகினாள். மற்ற பைகள் அதற்குள் பந்திவரை போய்விட்டன.

ஒரே பெயர் பல இடங்களில் இருந்தால் பெரிதாக எழுதியதே செல்லும். மண்டபத்தின் வெளிச்சுவருக்கு ஓடினேன்.

"அதே எழுத்திலயா?" என்றாள் அம்மா.

"எழுத்து மாறினா ஆளே மாறிடுவாம்மா."

"அப்ப எழுது. ஓடினாலும் மூச்சு விடட்டும்."

ஆள் உயரத்துக்கு எழுதினேன். மூன்றாவது சுழியை வளைத்தபோது அவள் மூச்சை இழுப்பது உள்ளேயிருந்து கேட்டது. கடைசி எழுத்து முடிந்ததும் வாசலுக்கு வந்தாள், கனத்து, வலப்பக்கம் சாய்ந்து. நிற்க முடியவில்லை. மாலையோடு சாலையில் ஓடத் தொடங்கினாள்.

"முற்றுப்புள்ளி வைப்பா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வேணாம் சம்பந்தி, எம்பொண்ணு முடிஞ்சிருவா," என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். பிறகு என்னிடம், "கால்புள்ளி போடு," என்றாள்.

பைக்கில் முந்திப் போய், பால் டிப்போ முன்னால் தார்ச்சாலையில் கால்புள்ளி வரைந்தேன். தங்கை அதில் வந்து இடித்து நின்றாள். மாப்பிள்ளையும் ஐயரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். தாலி அங்கேயே ஏறியது.

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எனக்கு அடுத்தாப்ல யாரு?"

கால்புள்ளிக்குப் பிறகு ஒரு பெயர் வந்தாக வேண்டும். நான் அதை யோசித்திருக்கவில்லை.

டிப்போவின் பின்னாலிருந்து கூறைப்புடவை கட்டிய ஒரு பெண் வந்து தங்கையின் வலப்பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இன்னும் பெயர் எழுதப்படவில்லை. அதனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அம்மா தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டு, சாப்பிட வரச் சொன்னாள்.