எட்டடி தள்ளி ஒரு கன்று

மலேசியாவில், லிங்கி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டு எண்ணெய்ப் பனைகளை, செம்பனைகளை, சாய்த்து மறுநடவு நடந்தது. நிழல் என்று சொல்ல ஒரு புல்கூட இல்லாத பொட்டல். அங்கே கன்று வைக்க வேண்டிய இடங்களில் குச்சி நட்டு லைன் கட்டுவது திருநாவுக்கரசின் வேலை. இருபத்தொன்பது அடிக்கு ஒரு குச்சி. வரிசையின் தலைப்பில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முதல் குச்சி மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். பதினெட்டு வருடத்தில் ஒரு சாண் பிசகியதில்லை. அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு. இந்த நடவு சுத்தமாக முடிந்தால் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை அவனுக்கே என்று பேச்சும் இருந்தது.

பன்னிரண்டாவது வரிசையில் குச்சி விழ வேண்டிய இடத்தில் நான்கு முட்டைகள். மண்ணின் நிறம், மண்ணின் புள்ளி. மிதித்திருப்பான், ஆள்காட்டிக் குருவி மட்டும் கத்தி ஊரைக் கூட்டாமல் இருந்திருந்தால்.

விலகி நின்று பார்த்தான். குருவி கால்வாய்க்குப் பறந்து வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பியது. கொதிக்கும் மண்ணில் கிடந்த முட்டைகள்மேல் அந்த ஈரத்தோடு அமர்ந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. உச்சி வெயிலில் ஒரு கைப்பிடி உடம்பு செய்யும் காரியமா இது!

மாலையில் குழி தோண்டும் இயந்திரம் வரும். குச்சி இருக்கும் இடத்தில் தோண்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். குச்சியை எட்டடி தள்ளி நட்டான்.

சோதனைக்கு வந்த துணை மேலாளர் தர்ஷிகாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"என்ன அண்ணே, நீங்களா கோணலா நட்டீங்க?"

"நான்தான் மேடம். வந்து பாருங்கலா."

அவள் கிட்டே போனதும் குருவி சிறகை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, பூட்ஸ் காலுக்கு நேரே ஓடி வந்தது. தர்ஷிகா பின்வாங்கிவிட்டாள்.

"அம்மாடி, என்ன தைரியம்!" என்றவள் குச்சியைப் பிடுங்கச் சொல்லவில்லை. "பெரிய மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"என் பேரைச் சொல்லுங்க."

பெரிய மேனேஜர் கேட்டார். மண்டோர் வேலை கூட வேலை செய்த அர்ச்சுனனுக்குப் போனது.

குழி தள்ளியே விழுந்தது, கன்றும் தள்ளியே நின்றது. நாலு வாரம் கழித்து நான்கு பஞ்சுருண்டைகள் தாயின் பின்னே ஓடின. அதைப் பார்க்க அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நின்றான்.

மறுவருடம் உரம் போட வந்த புது ஆட்களோடு அர்ச்சுனன் அந்த வரிசையில் நடந்தான். விலகி நின்ற கன்றைப் பார்த்து ஒருவன் சிரித்தான்.

"எந்த மடையன் கட்டின லைன் இது?"

அர்ச்சுனன் சங்கடத்தோடு திரும்பிப் பார்த்தான். உர மூட்டையை இறக்கி வைத்த திருநாவுக்கரசு தலை நிமிர்ந்தான்.

"நான் கட்டினதுலா."