பிப்ரவரியின் குளிர்

டி லீர் ஊரில் ஹெஸ்டரும் அவள் தம்பி டூனிஸும் கண்ணாடிக்குடிலில் ஃப்ரீசியாப் பூ வளர்க்கிறார்கள். குடிலை ஒட்டி இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். அடியில் நீர் ஊறிக் கிடக்கும் மணலில், ஒன்று கோடையின் சூட்டைச் சேர்த்துவைக்க, மற்றது குளிர்காலத்தின் குளிரை.

அந்த வருஷம் குளிர்காலம் பெயருக்குத்தான் வந்தது. ஜனவரி முடிந்தும் குளிர்க்கிணறு பாதிகூட நிறையவில்லை. பிப்ரவரியில் ஒருவழியாக வாய்க்கால் உறைந்ததும் ஊரே சறுக்குக் காலணியோடு இறங்கிவிட்டது, டூனிஸ் உட்பட. ஹெஸ்டர் மட்டும் நகரவில்லை. சூட்டுக்கிணற்று நீரை ஏற்றி, வெளியே சுழன்ற பெரிய விசிறிகளின் காற்றில் ஆறவைத்து, குளிர்க்கிணற்றில் இறக்கிக்கொண்டே இருந்தாள். விசிறியில் பனி கட்டியபோதெல்லாம் தட்டி உதிர்த்தாள்.

பக்கத்துக் குடில்காரர் கூர்ட் வாய்க்காலில் நின்று சிரித்தார்.

"என்ன ஹெஸ்டர், குளிரை மண்ணுல விதைக்கிறியா?"

"நீங்க சறுக்குங்க. ஐஸ் உருகிடப் போகுது."

ஜூலையில் வெயில் நெருப்பாகக் கொட்டியது. வேர் சூடானால் ஃப்ரீசியா மொட்டு வைக்காது. குளிரைச் சேர்த்துவைக்காத கூர்டின் குடிலில் செடிகள் வெறும் இலையாகவே மண்டின. ஹெஸ்டர் குளிர்க்கிணற்றைத் திறந்தாள். பாத்திகளுக்குள் ஓடிய குழாய்களில் வியர்வை அரும்பியது.

சில வாரத்தில் நீர் லேசாகச் சூடேறத் தொடங்கியது. டூனிஸ் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, தீந்துபோச்சா?"

"இல்லடா. முக்கால் கிணறு ரொப்பியிருக்கேன். நீதான் ஐஸ்லயே கிடந்தியே, உனக்கு எங்க தெரியும்."

ஆனாலும் அவளுக்கும் உள்ளூர பயம்தான். பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தாள். மொட்டு வைத்துவிட்டவற்றுக்குக் குழாயை மூடினாள். மிச்சக் குளிரையெல்லாம் கிழக்கு ஓரத்துச் செடிகளுக்கே திருப்பிவிட்டாள். நான்காம் நாள் அங்கேயும் இலைநடுவே மொட்டின் பச்சை நுனி எட்டிப் பார்த்தது. ஹெஸ்டர் மண்ணில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சில்லென்றிருந்தது. தன் கையால் இறக்கிய குளிர்.

இலையுதிர்காலத்தில் பூ ஏலச் சந்தைக்காரர்கள் குடிலைப் பார்க்க வந்தார்கள். டூனிஸ் முன்னால் நடந்து குழாய் குழாயாகத் தொட்டுக் காட்டினான்.

"பிப்ரவரியில நாங்க ராப்பகலா நின்னு ரொப்புனது."

பின்னால் வந்த கூர்ட் ஹெஸ்டரைப் பார்த்தார். "நாங்களாமே."

"சொல்லட்டும் விடுங்க," என்றாள் ஹெஸ்டர். அவள் முகம் பூரித்திருந்தது. "உள்ள வாங்க, நிறத்தப் பாருங்க."