இரண்டு கடிதங்களும் நான்கு ஹெனகன்களும்

பங்குச்சாமி ஜார்லத் டூஹிக்கு வாயை விடப் பேனா வேகம். பிரசங்க மேடையில் இழுத்து இழுத்துப் பேசுவார். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். கடுதாசி எழுத உட்கார்ந்துவிட்டாலோ மனிதர் வேறு ஆள். ஆயருக்கு ஒன்று, லண்டன் பாராளுமன்றத்தில் இருந்த ஹார்க்ரீவ்ஸ் என்ற சீர்திருத்தக்கார நண்பருக்கு ஒன்று என்று வாரம் தவறாமல் எழுதித் தள்ளுவார். அயர்லாந்தை அயர்லாந்துக்காரரே ஆள வேண்டும், குத்தகையைக் குறைக்க வேண்டும், மாடும் மனுஷரும் ஒரே அறையில் படுக்கிற குடிசைகளை இடித்துவிட்டு நல்ல வீடு கட்டித்தர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு எழுதுகிறாரோ அவர் முகம் கண்முன் வந்து நிற்கும். மனசும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதுகிற நேரத்தில் ஒவ்வொரு வரியும் அவருக்குச் சத்தியம்தான்.

அந்த வருஷம் அவர் இருந்த மேயோ சீமை முழுக்க ஒரே கொந்தளிப்பு. குத்தகை கட்ட முடியாதவனைப் பண்ணையார் குடியெழுப்பினால், அந்த நிலத்தை இன்னொருவன் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஊர்விலக்கு. அவனுக்கு உப்பு விற்க மாட்டார்கள், அவன் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டார்கள், எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாமியின் பங்கான கில்கோராவில் பெஸ்டஸ் லவெல் என்பவன் அப்படி ஒரு நிலத்தை எடுத்துத் தொலைத்தான்.

டூஹி சாமி அதைப் பற்றி ஆயருக்கு எழுதினார்: "உயிரோடிருப்பவனுக்கு ரொட்டியையும் செத்தவனுக்குத் தோளையும் மறுப்பது கிறிஸ்தவனுக்கு அடுக்காது." அதே வாரம் ஹார்க்ரீவ்ஸுக்கு எழுதினார்: "துப்பாக்கி இல்லாத ஏழைக்கு ஒதுக்கிவைப்பது ஒன்றுதான் ஆயுதம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் கையில் என்ன மிஞ்சும்?"

இரண்டு பேருக்கும் கடிதம் பிடித்துப்போனதுதான் வினை. ஹார்க்ரீவ்ஸ் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார், 'மேற்கு அயர்லாந்துக் குருவானவர் ஒருவர்' என்று பெயரை மறைத்து. ஆயரோ அந்த வரிகளை அப்படியே தம் சுற்றுமடலில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கோயிலிலும் வாசிக்கும்படி உத்தரவு போட்டார். ஒரே தபாலில் பேப்பரும் வந்தது, மடலும் வந்தது. சாமி இரண்டையும் மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, இரண்டில் எதை எழுதியவர் உண்மையில் தாம் என்று தெரியாமல் விழித்தார்.

சமையல்கார டீலியா தேநீரோடு உள்ளே வந்தாள். "சாமி, கொல்லன் பட்டறையில பேப்பர வாசிச்சு வாசிச்சே கிழிச்சுப்புட்டாங்க. யாரோ ஒரு சாமியாரு, அடேயப்பா, என்னமா எழுதியிருக்காரு! நீங்களும்தான் இருக்கீங்களே, ராப்பகலா எழுதுறீங்க, ஒரு பிரயோசனம் உண்டா?"

"போ டீலியா, தலை வலிக்குது."

"வலிக்கத்தான் செய்யும். லவெல் பொண்டாட்டி சபீனா காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. சாவு வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. வர்றவங்களுக்குன்னு அவன் தட்டுல வச்ச புகையிலையும் மண்ணுல செஞ்ச புகைக்குழாயும் வச்சது வச்சபடி கிடக்காம்."

அந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆனாலும் பெண் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் சாவாள். சபீனா ஹெனகன் செத்தால் நான்கு ஹெனகன்கள் பெட்டியைத் தோளில் தூக்க வேண்டும். சொந்தப் பெயர்க்காரர் தூக்காத பிணம் அநாதைப் பிணம். போலீஸ்காரர்கள் தாங்கள் தூக்குவதாகச் சொன்னார்களாம். அதை விட வண்டியில் போட்டு இழுப்பது மேல் என்று லவெல் அவர்களை விரட்டிவிட்டானாம்.

சாமி நேரே ஆஸ்டின் ஹெனகன் வீட்டுக்குப் போனார். ஊர்விலக்கை நடத்துகிற குடியானவர் சங்கத்துக்கு அவன்தான் உள்ளூர்த் தலைவன்.

"சபீனா உன் சித்தப்பா மகதானே, ஆஸ்டின்?"

"ஒரே சட்டியில உருளைக்கிழங்கு தின்னு வளந்தோம் சாமி." அவன் கண் சிவந்திருந்தது. "ஆனா நான் தூக்குனா, நாளைக்கே இன்னொருத்தன் தைரியமா நெலத்த எடுப்பான். குடியெழுப்புன குடும்பம் இன்னும் வேலியோரத்துல கெடக்கு. பேப்பர்ல அந்தச் சாமி சொல்லியிருக்காரே, அதையும் பிடுங்கிட்டா எங்க கையில என்ன மிஞ்சும்னு. நீங்களே சொல்லுங்க, என்ன மிஞ்சும்?"

டூஹி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். தன் வரியே தனக்குக் கேள்வியாகத் திரும்பி வர, மழையில் நனைந்துகொண்டு வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பின்னால் கதவோரம் சபீனாவின் பெட்டி. தச்சன் செய்துதர மறுத்ததால், லவெல் தன் வீட்டு அலமாரியை உடைத்துத் தானே அடித்திருந்தான். சாமி ஆயரின் மடலை வாசிக்கத் தொடங்கினார். 'செத்தவனுக்குத் தோளையும்' என்ற இடத்தில் ஆண்கள் பக்கம் செருமல் எழுந்தது.

"ஆயருக்கென்ன, அரண்மனையில உக்காந்துக்கிட்டு எழுதுவாரு," என்றது ஒரு குரல். "பேப்பர்ல எழுதுன சாமி நம்ம பக்கம் நிக்கிற சாமி. அவரு வந்து சொல்லட்டும், கேக்குறோம்."

சாமி மடலை மடித்தார்.

"அவரு வந்திருக்காரு," என்றார். "பேப்பர்ல வந்தது நான் எழுதுனது. இந்த மடல்ல இருக்கிறதும் நான் எழுதுனதுதான்."

யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீலியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆஸ்டின் எழுந்தான். "அப்போ எதைக் கேக்கச் சொல்றீங்க சாமி?"

"தெரியல ஆஸ்டின். சத்தியமா எனக்குத் தெரியல. ரெண்டும் சரின்னுதான் எழுதுனேன். இப்ப அவ அங்க கெடக்கா, அது மட்டுந்தான் தெரியுது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பின்னால் போய்ப் பெட்டியின் கால்மாட்டில் குனிந்தார். லவெல் தலைமாட்டைப் பிடித்தான். லவெல் நெட்டை, சாமி குட்டை. பெட்டி கோணிக்கொண்டு வாசற்படியில் இறங்கியது. ஈரக் கல்லில் சாமியின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது, உள்ளே உடம்பு நகர்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ, சபீனா!" என்று கத்தியபடி ஆஸ்டின் பாய்ந்து வந்து தோளைக் கொடுத்தான். யோசித்துச் செய்ததல்ல அது. ஒரு தோள் கொடுத்த பிறகு எடுக்க முடியுமா? அவன் தம்பி வந்தான், பிறகு இன்னும் இரண்டு ஹெனகன்கள். சாமியையும் லவெலையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நான்கு பேரும் அவளைக் கல்லறை வரைக்கும் சுமந்து போனார்கள். வழி நெடுக ஆஸ்டின் அழுதுகொண்டே நடந்தான்.

குழியில் இறக்கியானதும் லவெல் அவன் முன்னால் வந்து கையை நீட்டினான். "ஆஸ்டின், இந்த உதவிய நான்..."

ஆஸ்டின் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். லவெலைப் பார்க்கவே இல்லை. சாமி பக்கம் திரும்பினான்.

"உங்க ரெண்டு கடுதாசியும் நிறைவேறிப்போச்சு சாமி. தோளும் குடுத்தாச்சு, ஒதுக்கியும் வச்சாச்சு. புண்ணியமாப் போகும், மூணாவதா ஒண்ணு எழுதிடாதீங்க."

ஹெனகன்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லவெலின் கை நீட்டியது நீட்டியபடியே நின்றது. அதைப் பற்றிக்கொள்வதா வேண்டாமா என்று டூஹி சாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்; அதற்குள் லவெல் கையை இறக்கி, மண்வெட்டியை எடுத்துத் தானே மண்ணைத் தள்ளத் தொடங்கியிருந்தான்.