கடல் பார்த்த அறை

ஓய்வு பெற்றபின் தீவில் போய்க் குடியிருப்பது என்ற யோசனை முழுக்க முழுக்க ஸ்டோர்கீப்பருடையது. அவர் மனைவி விசாரணை அம்மாவுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது, மூட்டை கட்டியதைத் தவிர.

அவர் ஒரு பம்பு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து நட்டுக்கும் போல்ட்டுக்கும் காவல் இருந்தவர். எதிர்ச் சுவரில் யாரோ மாட்டிவிட்டுப் போன ஒரு காலண்டர். தென்னை மரம், வெள்ளை மணல், நீலக் கடல். வருஷம் முடிந்தும் அவர் அதைக் கழற்றவில்லை. அடுத்த வருஷமும் கழற்றவில்லை. ஒரு மனுஷனுக்குப் புத்தி பேதலிக்க வேறென்ன வேண்டும்?

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் விசாரணை அம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அக்கம்பக்கத்திலும் அதுவே பெயராகிவிட்டது. எக்ஸ்ரே எங்கே எடுப்பார்கள், டாக்டர் வந்தாச்சா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசைதான். இனிமேல் யாரும் தன்னிடம் எதையும் கேட்கக் கூடாது.

"தீவுல யாரு வந்து உன்னைக் கேள்வி கேக்கப் போறா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அந்த ஒரு பேச்சில்தான் அவள் விழுந்தாள்.

கடலைப் பார்த்த வீடு என்று தரகர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு படுக்கையறையிலிருந்து கடல் நன்றாகவே தெரிந்தது. கடலுக்கும் வீடு நன்றாகவே தெரிந்தது, அங்கேதான் வினை. உப்புக்காற்று ஊருக்குப் புதுசாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்ததுபோல் உள்ளே வந்து, முதலில் இரும்பு பீரோவை விசாரித்தது. பிறகு ஃபிரிட்ஜை. பிறகு மின்விசிறியை. வேலை பார்த்த காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டிய மனுஷன், ஓய்வுக் காலத்தைக் கழிக்கத் துருவின் தாய்வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். துவைத்த துணி காயவில்லை. தீப்பெட்டி நமுத்தது. வாசல் கதவு ஈரத்தில் உப்பிப்போய்ச் சட்டத்துக்குள் போக மறுத்தது. பிளம்பரைக் கூப்பிட்டால், "அலை கொஞ்சம் இறங்கட்டும், வரேன்" என்றார். குழாய்க்கும் அலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்குமளவுக்கு அவர்கள் இன்னும் அந்த ஊர்க்காரர்கள் ஆகியிருக்கவில்லை.

இதையெல்லாம் ஸ்டோர்கீப்பர் யாருக்கும் சொல்லவில்லை. குடும்பத்தாருக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டதெல்லாம் படங்கள்தான். காலையில் சூரியன் வந்தால் ஒரு படம், சாயங்காலம் போனால் ஒரு படம், நடுவில் தன் காலை நீட்டி அதற்கப்பால் கடல் தெரிகிற மாதிரி ஒரு படம். கடைசியில் ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு எழுதியும் விட்டார்: "எப்ப வேணும்னாலும் வாங்க. நம்ம வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்."

திறந்தேதான் இருந்தது. மூட முடியவில்லையே.

நகரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த வீட்டுக்கு உறவுக்காரர்கள் எவரும் எட்டிப் பார்த்ததில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் டீயைக் குடித்த கையோடு, "மூச்சு முட்டுதுப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்கள். இப்போது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பாசம் பொத்துக்கொண்டது. முதலில் ஸ்டோர்கீப்பரின் சித்தப்பா மகன், பெண்டாட்டி பிள்ளைகளோடு. அவர்கள் படகேறிய கையோடு விசாரணை அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு. பிறகு ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். புருஷன் வழி உறவு என்று அவளும், பெண்டாட்டி வழி உறவு என்று அவரும் நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து உபசரித்தார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டை விற்ற முந்தைய சொந்தக்காரரின் சிநேகிதராம். வீடு கைமாறியது தெரியாது என்றார். தெரிந்த பிறகும் இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போனார்.

"வெந்நீர் எந்தப் பக்கம் வரும்?"

"வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

"மீன் என்னைக்குக் கிடைக்கும்? படகு எத்தனை மணிக்கு?"

கவுண்டரிலாவது நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. சாப்பாட்டு நேரம் என்று பலகை வைத்துவிட்டு எழுந்து போகலாம். இங்கே சாப்பாட்டு நேரத்தில்தான் கூட்டமே. ஸ்டோர்கீப்பர் மட்டும் தலையில் தொப்பியும் கழுத்தில் பைனாகுலருமாக, வந்தவர்களைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய், தானே உப்புப் போட்டுக் கரைத்த மாதிரி கடலைச் சுற்றிக் காட்டினார்.

இந்த நிலைமையில்தான் அண்ணி வந்து இறங்கினார்.

அண்ணி என்றால் ஸ்டோர்கீப்பரின் அக்கா. பெரிய தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் தவறி வெகுகாலம் ஆகிறது. மகன் வீட்டில் இருக்கிறார். யாரைப் பார்த்தாலும் எந்தப் பையில் போடுவது என்று யோசிக்கிற பார்வை. படகிலிருந்து அவருக்கு முன்னால் பெட்டிகள் இறங்கின. விசாரணை அம்மா அவற்றை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

"எந்த ரூம்ல கடல் தெரியுது?" வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி.

ஸ்டோர்கீப்பர் பெருமையாகக் காட்டினார். பெட்டிகள் அங்கே போய்விட்டன.

"அக்கா, அது எங்க ரூம்..."

"நீதான் தினமும் பாக்கிறியே, உனக்கெதுக்குக் கடல்? முன்னாடி ரூம்ல படு."

மறுநாள் காலையில் அண்ணி கண்கள் சிவக்க எழுந்து வந்தார். "அந்தச் சத்தம் எப்பவும் இப்படித்தானா?"

"கடல் அண்ணி."

"அது தெரியுது. எப்ப நிக்கும்?"

எத்தனையோ விதமான கேள்விகளைப் பார்த்தவள்தான் விசாரணை அம்மா. கடல் எப்போது நிற்கும் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. அண்ணியிடம் குறைகள் ஏராளமாக இருந்தன. மணல் காலில் ஒட்டுகிறது. தென்னை மரம் அசைகிறது. சோறு குழைந்திருக்கிறது, மீனில் முள் இருக்கிறது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த வாரம் முடியப்போகிற சமயம் பார்த்துக் காற்று திரும்பியது. மழை பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளிக்கிறது, மறு அறிவிப்பு வரும்வரை படகு கிடையாது என்றார்கள்.

விசாரணை அம்மா தினமும் காலையில் படகுத்துறைக்குப் போன் போட்டாள். "இன்னைக்குப் போகுமாங்க?"

"சொல்ல முடியாதும்மா. வெயிட் பண்ணுங்க" என்றது மறுமுனை. பாவி, எவ்வளவு எரிச்சலூட்டும் பதில். தானும் இதையேதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

மழையில் வெளியே போக வழியில்லாததால் அண்ணி வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். ஸ்டோர்கீப்பரின் போன் அடித்தால் எடுப்பதும் அதில் அடக்கம். போனைக் காதில் ஒட்டி வைப்பது பிடிக்காது என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணா, பிள்ளைங்களுக்கு லீவு வருது. மறுபடி ஒரு நடை அங்க வரலாம்னு..." சித்தப்பா மகனின் குரல்.

"யாரு? நீயா? நான் இங்க இருக்கேன்."

"அக்காவா? எவ்வளவு நாள் இருப்பீங்கக்கா?"

"ஏன், நீ வந்து கூட்டிட்டுப் போகப் போறியா? போன தடவை மாதிரி ஈரக் காலோட உள்ள வர்றதுன்னா வரவே வேண்டாம். வந்தா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். பிள்ளைங்களுக்கு நான் கணக்குச் சொல்லித் தரேன்."

பிள்ளைகளுக்கு அந்த லீவில் வேறு ஏதோ வேலை இருப்பது அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. அடுத்து ஒன்றுவிட்ட தங்கை கூப்பிட்டாள். அவளிடம் அண்ணி தேனாகப் பேசினார். "தாராளமா வாம்மா. இந்தத் தடவை உன் மாமியாரையும் கூட்டிட்டு வா. எனக்குப் பேச்சுத் துணை வேணும்." தங்கைக்கு மறுநாளே இடுப்பு பிடித்துக்கொண்டதாகத் தகவல் வந்தது.

கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்ற விசாரணை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் கவுண்டரில் இருந்தும் ஒருவரையாவது அவளால் இப்படித் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அண்ணியின் மகன் கூப்பிட்டான். அண்ணி வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, படகு விட்டாச்சா?"

"இன்னும் இல்லடா. விட்டதும் கிளம்பிடுவேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. மாமா வீட்டுலதானே இருக்கே, இருந்துக்கோ. உன் ரூமை பாப்பாவுக்குப் படிக்கக் குடுத்துட்டோம். கட்டிலையும் எடுத்தாச்சு. நீ வந்தா பாத்துக்கலாம்..."

அண்ணி பட்டென்று போனை அணைத்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த விசாரணை அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த ஊர்ல சிக்னலே சரியில்ல" என்றார் அண்ணி, ஜன்னல் பக்கம் திரும்பி.

"ஆமாண்ணி, மோசம்" என்றாள் இவள்.

போனில் சிக்னல் கோடுகள் முழுசாகவே தெரிந்துகொண்டிருந்தன.

ஒருவழியாகக் கடல் அடங்கியது. காலையில் படகு உண்டு என்று தகவல் வந்ததும் ஸ்டோர்கீப்பர் அக்காவின் பெட்டிகளை ஏற்றத் தள்ளுவண்டி பிடிக்கத் துள்ளிக் குதித்து ஓடினார். விசாரணை அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணி சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதை வெளியே எடுத்தார். திரும்பவும் மடித்தார். தபால் பைகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டிய கைக்கு ஒரு பெட்டியைக் கட்ட இவ்வளவு நேரமா?

"அண்ணி, போயே ஆகணுமா?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். "ஏன் கேக்கறே?"

"நீங்க இந்தப் பக்கம் படகு ஏறினா, அந்தப் பக்கம் சித்தப்பா பையன் குடும்பத்தோட வந்து இறங்குவான்."

"அப்ப என்னை வாசல்ல காவலுக்கு நிக்க வைக்கலாம்னு பாக்கறே."

"ஆமா" என்றாள் விசாரணை அம்மா.

அண்ணி கையிலிருந்த சேலையைக் கட்டிலில் போட்டார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நீ என்கிட்ட உண்மை பேசினது இதான் முதல் தடவை."

"நீங்க பேச விட்டதும் இதான் முதல் தடவை."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "இந்த ரூம் எனக்கு வேணும்."

"முடியாது. இது எங்க ரூம். பின்னாடி ரூம் இருக்கு."

"அதுல என்ன தெரியும்?"

"தண்ணித் தொட்டி. ஆனா அலைச் சத்தம் வராது. நிம்மதியாத் தூங்கலாம்."

அண்ணி யோசித்தார். கடலைப் பார்த்தார். அங்கே அது தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. "கட்டில் இருக்கா அதுல?"

"இருக்கு."

"எடுத்துட மாட்டீங்களே?"

விசாரணை அம்மா கட்டிலில் கிடந்த சேலையை எடுத்து மடித்தாள். "யாரும் எடுக்க மாட்டாங்க அண்ணி."

"அன்னைக்கு அவன் பேசினதைக் கேட்டே இல்ல?"

"எதை?"

"இப்பத்தான் உண்மை பேச ஆரம்பிச்சே. அதுக்குள்ள கெடுத்துக்காதே."

"கேட்டேன்."

"சரி. தம்பிக்குச் சொல்லாதே. அவன் அழுவான். பாக்கச் சகிக்காது."

அண்ணியை இருக்கச் சொன்னது இரக்கமா, காரியவாதமா என்று விசாரணை அம்மாவையே கேட்டிருந்தால் எந்தப் பக்கம் கையைக் காட்டியிருப்பாள் என்று சொல்வது கஷ்டம். ரெண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. எது முன்னால் நுழைந்தது என்று அவள் பார்க்கவில்லை.

தள்ளுவண்டியோடு வந்த ஸ்டோர்கீப்பர், பெட்டிகள் கடல் அறையிலிருந்து கிளம்பிப் பின்னறைக்குப் போவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டிக்காரர் அவரைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் தன் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா எப்ப கிளம்புறா?"

"கிளம்பல. இங்கதான் இருக்கப் போறாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"நீங்க தூங்கி எந்திரிச்சதும் தொப்பியை மாட்டிட்டு வெளிய போயிடுறீங்க. யாரைக் கேக்கறது?"

"அதெல்லாம் இனிமே நடக்காது" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய் தம்பி, அந்த பீரோவைப் பாத்தியா? துரு ஒரு விரல் கனத்துக்கு ஏறி நிக்குது. ஸ்டோர்கீப்பராம் ஸ்டோர்கீப்பர். உப்புத்தாள் இருக்கா வீட்டுல?"

மனுஷன் தொப்பியைக் கழற்றினார். பைனாகுலர் சுவரில் தொங்கியது. மறுநாளிலிருந்து காலை முழுக்க பீரோவைச் சுரண்டுவதும், அது முடிந்ததும் கதவை இழைப்பதுமாக அவருடைய ஓய்வு ஒருவழியாகத் தொடங்கியது. வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குறைந்தன. உறவுக்காரர்களின் பாசமும் வந்த வழியே திரும்பிப் போனது.

அண்ணியும் விசாரணை அம்மாவும் அன்பில் உருகி ஒன்றாகிவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உப்பு ஜாடியை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி தினமும் ஒரு சண்டை. ஆனால் ஒரு மத்தியானம், வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக விசாரணை அம்மா பகலில் கடல் அறையில் காலை நீட்டிப் படுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் யாரோ வந்தார்கள். அண்ணி பதில் சொல்லி அனுப்பினார். காற்று வந்தது. கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் அதே நீலத்தைப் பார்த்தபடி அவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது கட்டிலருகே அண்ணி ஒரு தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார்.

"டீ. நானே போட்டேன்."

சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, பால்தான் கண்ணில் படவில்லை. வாயில் வைக்க முடியாத டீ.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு, விசாரணை அம்மா அதை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.