பட்டை இல்லாத நாட்கள்

கணினித் திரையிலிருந்த படத்தில் பட்டைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. ஒரு நாளைக்கு ஒரு பட்டை. அன்று பஸ் எத்தனை முறை போய் வந்ததோ அவ்வளவு உயரம். பஸ் கம்பெனியில் கணினி நிரல் எழுதும் சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் தினமும் ஓடியது என்று இதே படத்தைக் காட்டித்தான் கம்பெனி சாதித்தது. பஸ்ஸே வரவில்லை, அதனால்தான் வேலைக்கு வர முடியவில்லை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், பொய்க்காரி என்று ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள்.

பழைய நிரலைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. தேதிகளை அது தேதியாகவே நினைக்கவில்லை. வெறும் எழுத்தாகப் படித்து, கைக்குக் கிடைத்தவற்றை அடுத்தடுத்து நிறுத்தியிருந்தது. பஸ் ஓடாத நாளுக்குப் பதிவு ஏது? பதிவில்லாத நாள் படத்திலும் இல்லை. சின்னவள் எழுத்தைத் தேதியாக மாற்றினாள். மாதம் முழுதாக விரிந்தது. நடுவில் ஒரு வாரத்துக்கும் மேலாக வெற்றிடம், பல் விழுந்த வாய் போல.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, நடுவுல ஓட்டை? இன்னைக்கு நகரசபைக் கூட்டத்துல இதைக் காட்டித்தான் பஸ் உரிமத்தைப் புதுப்பிக்கணும். பழையபடி மாத்திடு.”

“மாத்தினா அந்த நாளெல்லாம் காணாமப் போயிடும் சார்.”

“போனா போகுது. அதெல்லாம் யாருக்கு வேணும்?”

யாருக்கு வேண்டுமாம். வீட்டில் மிஞ்சியிருப்பது இவள் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் அவள் படத்தைத் தொடவில்லை.

கூட்டத்தில் அந்த வெற்றிடம் திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நகரசபைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நடுவுல என்ன காலியா இருக்கு?” என்றார்.

“சின்னக் கம்ப்யூட்டர் கோளாறு, ஐயா,” என்று மேலாளர் பூசி மெழுகினார்.

சின்னவள் எழுந்தாள்.

“கோளாறு எதுவும் இல்லைங்க ஐயா. அந்த நாளெல்லாம் ஒரு பஸ்கூட ஓடல. எங்க அக்கா தினமும் ஸ்டாப்புல நின்னு பார்த்துட்டுத் திரும்பி வந்தா. அவ பொய் சொல்றான்னு வேலையை விட்டே தூக்கிட்டாங்க. இதையும் எழுதிக்குங்க.”

தலைவர் எழுதிக்கொண்டார். உரிமத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று எழுந்துவிட்டார்.

வாசலில் மேலாளர் பல்லைக் கடித்தார். “உன் வேலை போச்சு, தெரியுமில்ல?”

“தெரியும் சார். எங்க வீட்டுல இது ரெண்டாவதா போற வேலை. ஆனா இந்தத் தடவை பொய் சொன்னது யாருன்னு எல்லாரும் பார்த்துட்டாங்க.”