தம்பிராஜா மாஸ்டரின் கதவு

வத்தேகமையில் நடராஜா வீட்டு முன்கதவு, ஒன்பது மைல் தள்ளி ஹந்தானையில் தட்டினால்தான் சத்தம் போட்டது. 1983இல் கட்டுகஸ்தோட்டைத் தச்சுப் பட்டறையிலிருந்து வந்த கதவு அது. வாசல் கதவு எதுவும் பட்டறையை விட்டுப் புறப்படுமுன் பட்டறைக்காரரின் மனைவி அழகம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைப்பாள். அன்று பக்தி கூடிப்போய்க் கழுவியே விட்டாள். வெண்கட்டியால் எழுதியிருந்த உரியவர் பெயர் போய்விட்டது. வத்தேகமைக்கும் ஒரு கதவு உண்டு என்பது லொறிக்காரருக்கு ஞாபகம் இருந்தது. சாதாரணப் பலகைக் கதவு கேட்டிருந்த நடராஜாவுக்கு இப்படித்தான் தாமரை செதுக்கிய தேக்கங் கதவு கிடைத்தது.

கதவை மாட்டிய மறுநாள் விடிய, வெளியே ஆளில்லாமலே அது தட்டப்பட்டது. "மாஸ்டர் ஐயா, பால்!" என்று குரலும் வந்தது. பால்காரரின் பேச்சிலிருந்து, அது ஹந்தானை தம்பிராஜா மாஸ்டருக்கு உரிய கதவு என்று தெரிந்தது.

"திருப்பிக் குடுத்துருவோம் புஷ்பம்," என்றார் நடராஜா மனைவியிடம்.

"நாமளா கேட்டோம்? அவங்களா அனுப்புனாங்க. ரெண்டு நாளு அழகு பாத்துட்டுக் குடுங்க, மனுசன் செத்தா போயிருவாரு?"

ஆனி இருபதில் வந்த கதவு. ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் அழகு பார்த்தார்கள். ஆடி முதலாம் திகதி நடராஜா மனம் உறுத்தி ஹந்தானைக்குப் போனபோது, மாஸ்டர் வீட்டு வாசலில் கதவுக்குப் பதில் படுக்கை விரிப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துச் சைவர். "ஆடி பிறந்திட்டுது. இனி வாசல் கதவைக் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. ஆவணியிலை பாப்பம், நீர் யோசியாதையும்," என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டு, ஆடி பத்தாம் திகதி மத்தியானம் வத்தேகமையில் அந்தக் கதவைக் கோடரி கொத்தத் தொடங்கியது. வீதியில் ஈ காக்கை இல்லை. நடராஜாவும் புஷ்பமும் கதவில் முதுகை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துத் தையற்கடை அஸீம் நானா பின்பக்கமாக ஓடி வந்தார்.

"என்ன நடராஜா, வீடே ஆடுது?"

"மாஸ்டர் வீட்டுக்கு வந்திருக்கானுக நானா. பேசாம தள்ளுங்க!"

பொழுது சாயும்வரை தள்ளினார்கள். ஹந்தானையில் அந்த விரிப்பைத் தாண்டி ஒருவனும் உள்ளே போகவில்லை. கோடரிகள்தான் வாய் மழுங்கின. ஆனால் கூரைக்கு நெருப்பு வைத்தார்கள். கூரைக்கு யாரும் எதையும் மாற்றி அனுப்பியிருக்கவில்லை. மாஸ்டர் பின்பக்கத்தால் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஓடித் தப்பினார்.

அகதி முகாமில் நடராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கதவைக் கொண்டுவந்து எங்கை மாட்டுறது? வீடு ஒண்டு எடுத்ததும் எழுதுறன், அனுப்பிவிடும்," என்றார் மாஸ்டர். கப்பலில் யாழ்ப்பாணம் போனார். எழுதவும் செய்தார். ஒவ்வொரு கடிதமும் வந்ததும் நடராஜா கதவைக் கழற்றிச் சாக்குச் சுற்றுவார். அதற்குள் போரில் பாதை பூட்டியிருக்கும், அல்லது அந்த விலாசத்தில் வீடு இருக்காது. தட்டல் மட்டும் மாஸ்டர் போன இடமெல்லாம் போய், வத்தேகமைக்கு வந்து சேர்ந்தது. எண்பத்தேழில் படையினர் சப்பாத்துக் காலால் தட்டினார்கள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தில் கதவு ஒரு முழு ராத்திரி மழையில் நனைந்தது. வத்தேகமையில் அன்று மழை இல்லை. தட்டும்போதெல்லாம் வீட்டார் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் முட்டுக் கொடுத்தார்கள். 2001இல் நடராஜா முதுகைக் கதவில் வைத்தபடியே இறந்தார். அவரைத் தூக்கிய இடத்தில் புஷ்பம் உட்கார்ந்தாள்.

2009 மே மாதம் தட்டல் மூன்று நாள் ஓயவில்லை. தெருவே வந்து தள்ளியது. மூன்றாம் நாள் மத்தியானம் சத்தம் சட்டென்று நின்றது. வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்களா, அல்லது உள்ளே காப்பாற்ற இனி ஆளில்லையா என்று கதவு சொல்லவில்லை. மாஸ்டரிடமிருந்து கடிதமும் இல்லை. "எடுத்துப் பாப்பமா?" என்று அஸீம் நானா கேட்டார். ஒருவருக்கும் முதுகை எடுக்கத் துணிவில்லை. பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். திங்களும் வெள்ளியும் புஷ்பம் சாய்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை அஸீம் நானா.