இரண்டாவது வரி

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை இது. மருத்துவமனையின் வலைப்பக்கத்தை எழுதியவன் நான். கைப்பேசியோ சுவரளவு திரையோ, அகலத்துக்கு ஏற்ப எழுத்து குலுங்காமல் வளரும், சுருங்கும். வெளியிடுமுன் பக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் பெண் சொன்னாள்: "சார், சின்ன போன்ல மருந்துக்குக் கீழ இருக்கற வரி கண்ணுக்கே தெரியல. போன்ல பெரிய எழுத்து வெச்சாலும் மாற மாட்டேங்குது. விரலால விரிக்கவும் முடியல."

விரித்தால் பக்கம் கோணலாகிறதென்று நான்தான் அதைப் பூட்டியிருந்தேன். "போய்க் கண்ணாடி போடும்மா," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மேதாவி நான்.

அத்தானுக்கு மூட்டு வீக்கம், அங்கேதான் வைத்தியம். காகிதச் சீட்டை நிறுத்திவிட்டார்கள். விவரமெல்லாம் என் பக்கத்தில்தான். மாத்திரையின் பெயரும் 'ஆறு' என்ற எண்ணும் முதல் வரி. 'வாரத்தில் ஒரு நாள் மட்டும்' என்பது இரண்டாவது. சர்க்கரை நோயால் பார்வை மங்கிய அக்கா, உள்ளங்கையளவு பழைய போனில் முதல் வரியைப் படித்துத் தினமும் ஆறு கொடுத்திருக்கிறாள். மூன்று மாதத்து மாத்திரை பன்னிரண்டே நாளில் தீர்ந்தது. வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலோடு அத்தானை ஐசியூவில் சேர்த்தோம்.

டாக்டர் விசாரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். இந்த அளவுக்குக் கீழே எழுத்து சுருங்கக் கூடாதென்று ஒரு வரி சேர்த்து, விரல் பூட்டையும் எடுத்தேன். நான்கு நிமிட வேலை. அடப்பாவி, நான்கே நிமிடம்! திரும்பி வருவதற்குள் அத்தான் போய்விட்டிருந்தார்.

ஐசியூ வாசலில் அக்கா தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "என் குருட்டுக் கண்ணுதான்டா அவரை முழுங்கிடுச்சு!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. கையைப் பிடித்தேன். "உன் கண்ணு இல்லக்கா. அந்த எழுத்தைச் சின்னதாக்கினது நான்தான். ஒருத்தி வந்து சொன்னா. நான் கேக்கல."

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"தினமும் ஆறான்னு நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு எந்திரிச்சேன்டா. 'வேணாம்மா, உன் தம்பி செஞ்சதுல தப்பு இருக்காது'ன்னு அவருதான் உக்கார வெச்சாரு."